வரவேற்புக் கட்டம்

...இந்தப் பாடத் தளத்தில் பாடம் எங்கே இருக்கிறது, கட்டம்தான் இருக்கிறது, கட்டத்துக்குள் கட்டம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூப்படம், 'இங்கே உங்கள் பாடத்தின் நோக்கத்தை எழுதவும்' என்று சாம்பல் நிறத்தில் ஓர் உத்தரவு. முப்பத்திரண்டு வருஷம் கடல்வளப் பொருளியல் நடத்தியவன் தன் நோக்கத்தை இருநூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டும், இருநூற்றொன்றாவது எழுத்தில் கட்டம் சிவப்பாகிறது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து வரலாற்றுக்கும் வேதியியலுக்கும் மீனுக்கும் ஒரே அளவில் ஒரு சட்டை தைத்து அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறான், பல்கலைக்கழகம் போட்டுக்கொள் என்கிறது. இன்று நான்கு மணிக்குள் பப்ளிஷ் செய்யாவிட்டால் என் பிரிவையும் ரேச்சலிடம் கொடுத்துவிடுவார்களாம். ரேச்சல் வேலைக்கு வந்து மூன்று வருஷம், பக்கத்து மேஜை, அவளுடைய தளம் காலையிலேயே முடிந்துவிட்டது, முடியாமல் என்ன, டெம்ப்ளேட்டில் இருந்த பூவைக்கூட மாற்றவில்லை. "ரொம்ப ஈஸி சார், காலி இடத்தை ஃபில் பண்ணிட்டே போங்க, மீதியெல்லாம் அதுவே பாத்துக்கும்." அதுவே பார்த்துக்கொள்ளும் என்றால் நான் எதற்கு இங்கே முதுகு வளைய மூன்று மணி நேரமாக...

மாணவர் பட்டியல் மட்டும் தானாகவே நிரம்பியிருந்தது. அறிவு, ஒவைஸ், அலெக்ஸாண்டர், பெயருக்குப் பெயர் ஒரு தபால்தலைப் படம், பல்லைக் காட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஒருத்தன் நாயோடு. பிறகு எ. கீர்த்தி. சிரிக்காத முகம், கழுத்து நேராக, பார்ப்பவரை நீ யார் என்று கேட்கும் எங்கள் வீட்டுப் பார்வை. வேறு கீர்த்தியாக இருக்கக் கூடாதா என்று படத்தைப் பெரிதாக்கினேன்... பெரிதாக்க என்ன இருக்கிறது, என் தம்பி எத்திராஜின் மகளை எனக்குத் தெரியாதா. பெயருக்குப் பக்கத்தில் 'பிரிவு: மாணவர் தேர்வு' என்று இருந்தது. அப்படியென்றால் என்னவென்று ரேச்சலைக் கேட்டேன். "நம்ம ரெண்டு பேர்ல யாரு கிளாஸ் வேணும்னு அவங்களே செலக்ட் பண்றது சார். எனக்கு அறுபது, உங்களுக்குப் பதினெட்டு. ஸ்ட்ரிக்ட்னு யாரோ சொல்லிட்டாங்க போல." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், அடக்கத் தெரியவில்லை. ஆக, தவறி வந்து விழவில்லை, என் பெயரைப் படித்துத் தொட்டிருக்கிறாள். எவ்வளவு திமிர்.

நான்கு வருஷம். காசிமேட்டில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது, சுருக்குமடி வலை போட்டவர்களை விசாரிக்க, அரசாங்கம் தடை செய்த வலை, குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரிவிடும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பதினெட்டு வயதுப் பெண் எழுந்து நின்று, "எங்க நைனா போட்லயும் அந்த வலதான் கீது, மத்தவங்கள மட்டும் இன்னாத்துக்கு நிறுத்துறீங்க" என்றாள். பெற்ற தகப்பனை, ஊர் நடுவில். ஒரு மாதம் எத்திராஜின் படகு கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள், அது போகட்டும், எங்கள் வீட்டார் நுழைந்தால் எழுந்து நிற்கிற சபையில் அன்று ஒருவனும் எழவில்லை. உண்மைதானே என்று ஒருவரும் என்னிடம் சொல்ல வேண்டாம், அந்த வலையின் கேட்டை என் மூன்றாவது யூனிட்டில் நானேதான் நடத்துகிறேன், ஆனால் வீட்டு உண்மைக்கு வீடு இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். இனி இவளோடு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சில்லை என்று சொன்னவன் நான். அன்றே எண்ணூரில் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள். சொன்ன சொல் நான்கு வருஷமாக நிற்கிறது. இப்போது...

இப்போது கடைசிக் கட்டம், வரவேற்பு. பப்ளிஷ் அழுத்தியதும் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் போட்டு என் சார்பில் கடிதம் போகுமாம், மாதிரி பார்க்க ஒரு பெயரைத் தேர்ந்தெடு என்றது, என் விரல் எங்கே போகும், 'அன்புள்ள கீர்த்தி, உங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். எந்தத் தயக்கமும் இன்றி என்னிடம் பேசலாம். அன்புடன், திருமுருகன்.' பார், நான் காத்த சொல்லை இந்த இயந்திரம் ஒரு நொடியில்... அழிக்கப் பார்த்தேன், வாசகத்தை மாற்றலாம், பெயரை எடுக்க முடியாதாம். சரி, இவளை ரேச்சலின் பிரிவுக்குத் தள்ளிவிடலாம் என்று போனால் 'கீர்த்தி, உங்கள் ஆசிரியர் திருமுருகன் உங்களை வேறு பிரிவுக்கு மாற்றியுள்ளார்' என்று அதற்கும் ஒரு கடிதம். ஊமையாக ஒரு காரியம் செய்யத் தெரியாத வாயாடி இயந்திரம். அவளாகவே மாறிக்கொண்டால் என் பெயரில் எந்தக் கடிதமும் போகாது. அவளிடம் யார் சொல்வது? எத்திராஜ் யாராவது ஆளை விட்டுச் சொல்லட்டும்.

மூன்றரைக்குப் போன் செய்தேன். துறைமுகத்தில் இருந்தான், ஐஸ் உடைக்கிற சத்தம். "இன்னாண்ணா, காலேஜ் டைம்ல?" உன் மகள் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்றேன். "தெர்யும்ணா. சொல்லிச்சு." யார் சொன்னது? "அதான், கீர்த்தி. வூட்டுக்கு வந்துகினுதான் கீது... ரெண்டு வர்சமா." ஐஸ் உடைவது நின்றது, அல்லது அவன் தள்ளிப் போனான். யாரைக் கேட்டு என்றேன். "உன்னக் கேட்டா வுடுவியா? மங்கம்மா பெத்தவ, அவளாலயும் எவ்ளோ நாள்தான் தாங்க முடியும்? கோச்சுக்காதண்ணா. உன் பேச்சுக்கு மருவாத குடுத்துதான உன் கண்ணுல படாம பாத்துக்கினோம். நீ வராத நாளா பாத்துதான் அது வரும்." மரியாதை! கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது, பக்கத்து மேஜையில் ரேச்சல், வைத்துவிட்டேன். நான் வாசலில் நிற்கும் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே இருந்தவர்கள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் தலையாட்டியிருக்கிறார்கள், இரண்டு வருஷம், ஒவ்வொரு வாரமும், மங்கம்மா என் இலையில் மீனை வைத்தபடியே, இன்னும் ஒண்ணு போட்டுக்கோங்க மாமா... அப்படியானால் அவளோடு பேசாதவன் வீட்டில் நான் ஒருவன்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என் பெயரைத் தொட்டாளா?

"சார், பத்து நிமிஷம்தான் இருக்கு, நான் வேணா பண்ணித் தரட்டா?" வேண்டாம் என்றேன். பெருமகிழ்ச்சியை அழித்தேன், தயக்கத்தை அழித்தேன், அன்புடனை அழித்தேன். 'முதல் வகுப்பு திங்கள் பத்து மணி. தாமதமாக வருபவர்களை அனுமதிப்பதில்லை. திருமுருகன்.' மாதிரி பார்த்தேன். மேலே கீர்த்தி என்று இருந்தது, நான் எழுதாமலே, நான் எழுதிய மாதிரியே. பப்ளிஷ் அழுத்தினேன். பதினெட்டுக் கடிதங்கள் போய்விட்டதாகச் சொன்னது.

எத்திராஜ் வீட்டுக்கு நான் போவது ஞாயிற்றுக்கிழமை. அவள் எந்தக் கிழமை வருகிறாள் என்று கேட்காமல் போனை வைத்துவிட்டேன். கேட்டிருந்தால், அந்தக் கிழமை போகாமல் இருக்கவா கேட்டிருப்பேன்...