ஆட்சேபணைக் கெடு

கடலூர் தொல்லியல் துறை அலுவலகத்தில் அதிகாரி கயல்விழி கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில், ஒரு காலத்தில் சத்திரமாக இருந்த சந்திரலேகாவின் சிதம்பரத்து வீடு. முகப்புச் சுவரில் ஓர் அரசு அறிவிப்பு.

“நோட்டீஸே வரலன்னு சொல்றீங்க. இதோ ஒட்டியிருக்கோம், கெசட்லயும் வந்தாச்சு. ஆட்சேபணை சொல்ல ரெண்டு மாசம் கெடு. அது போயிடுச்சும்மா. இனிமே அது பாதுகாக்கப்பட்ட சின்னம்.”

சந்திரலேகாவுக்கு அந்த இடம் தெரிந்தது. மாமனார் இறந்த அன்று, கொழுந்தன் சிலம்பரசன் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் பசை வாளியுமாக நின்று, “எங்க ஒட்டட்டும் அண்ணி?” என்றான். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அவள்தான் கை காட்டினாள். அங்கே ஏற்கெனவே இருந்த காகிதத்தை இருவரும் படிக்கவில்லை. மூலம், பௌத்திர விளம்பரமாக இருக்கும் என்று அதன் மேலேயே ஒட்டினார்கள். செத்தவர் முகத்தை யார் கிழிப்பார்கள்? மழையில் தானாகக் கரையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் கயல்விழி மெல்லச் சொன்னார்: “பாவமாத்தான் இருக்கு. ஆனா நாங்க ஒட்டினது ஒட்டினதுதான்.”

“பழைய சத்திரம்னு நீங்க பாக்குறீங்க. நாங்க அதுலதான் படுக்குறோம் மேடம். உத்தரம் விரிஞ்சி கெடக்கு. எங்க வூட்டுக்காரரு இடுப்பு ஒடைஞ்சி அதுக்குக் கீழத்தான் கெடக்குறாரு. இடிச்சிட்டு ரெண்டு ரூம் கட்டலாம்னு இருந்தோம்.”

“இடிக்கக் கூடாது. ரிப்பேர்னாலும் சென்னையில அனுமதி வாங்கணும்.”

“அது வர்ற வரைக்கும்?”

“அவர வேற ரூம்ல படுக்க வைங்க.”

“வேற ரூமு போன மழையிலயே வுழுந்துடுச்சி.”

கூட வந்திருந்த சிலம்பரசனோடு ஊருக்குப் பஸ் ஏறினாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும், “உசுரோட இருந்தப்ப அப்பா ஒரு செங்கலத் தொட வுடல. செத்தும் வுடல பாருங்க அண்ணி” என்றான்.

“எடத்தக் காட்டுனது நானு. வாய மூடிக்கினு வா.”

வீட்டு வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு, ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்று எழுதிய நீல நிறப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். துளைக்கருவி சுவரில் இறங்க இறங்க, உள்ளே காரை உதிர்ந்தது. அவள் கணவன் மணவாளன் இருமுவது வெளியே கேட்டது.

“மெதுவாப் போடுங்கப்பா. உள்ள ஆளு படுத்திருக்கு.”

“இன்னும் ரெண்டு ஓட்டதான்க்கா.”

கருவி மறுபடியும் இரைந்தது. சந்திரலேகா உள்ளே ஓடி, கணவனின் முகத்துக்கு மேல் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.