அரை மணி நேரம் மோட்டார் ஓடாதிருந்தால்

1

இந்தக் கதையைத் திருடினேன். கும்பகோணம் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் கெஞ்சினாள்: "அப்பா, நாளைக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரப் போட்டுடாதீங்க. அரை மணி நேரம் எனக்கு வேணும்." ஏன் என்பதைப் பக்கத்திலிருந்த தோழியிடம் அவளே சொல்லிவிட்டாள். மிச்சம் என் கைச்சரக்கு.

2

திரவப் படிகம் என்பது திரவத்துக்கும் திடத்துக்கும் இடைப்பட்ட... (வேண்டாம். பாதிப் பேர் இங்கேயே இறங்கிவிடுவீர்கள்.)

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் மூலக்கூறுகள் கண்டபடி திரியும். சூடு தணிந்தால் பந்தியில் உட்கார்ந்ததுபோல் வரிசைக்கு வரும்; நுண்ணோக்கியில் அதுவரை இருட்டு, வரிசை வந்ததும் நிறம் விரியும். மின்புலம், "இலை போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிடுகிற மாமா. அவர் கூப்பிட்டால் சூடு முழுதும் தணியுமுன்பே வரிசை அமைந்துவிடும். எவ்வளவு முன்பு? ஒரு டிகிரியில் சின்னத் துணுக்கு. அதுதான் எழில்மொழியின் (பஸ் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) ஆராய்ச்சி முழுவதும்.

3

துணுக்கு கிடைத்தது. லேப் முழுக்க அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தாள். பிறகுதான் உறைத்தது: வயலுக்கு நடுவே கல்லூரி. அவள் அளந்ததெல்லாம் த்ரீ பேஸ் வரும் நேரம். ஊரே ஒன்றாக மோட்டார் போடும், வோல்டேஜ் படுத்துவிடும், படிகத்தைச் சூடேற்றும் தட்டின் சூடு தடுமாறும். அப்படியானால் அந்தத் துணுக்கு மின்புலம் தந்ததா, அப்பா பஞ்சநதத்தின் மோட்டார் தந்ததா?

(வேறு நேரத்தில் அளக்கலாமே என்பீர்கள். த்ரீ பேஸ் இல்லாவிட்டால் ஏசி ஓடாது. வைகாசி வெயிலில் தட்டு எங்கே ஆறும்?)

நாளை மறுநாள் கட்டுரையை அனுப்ப வேண்டும். துணுக்கு பொய்யென்றால் எல்லாம் முதலிலிருந்து.

4

பஞ்சநதம் மீசையை முறுக்கி, "படிச்சது போதும், வீட்டுக்கு" — என்று எழுதி அடித்துவிட்டேன். பஸ்ஸில் போனுக்குள்ளிருந்து கேட்டது சிரிப்பு.

"நாத்தாங்கால் காயுதும்மா. நான் நிறுத்துனா பக்கத்து வயல் நடராசன் நிறுத்துவாரா?"

"நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்கப்பா."

"என்னன்னு சொல்றது?"

"உங்க பொண்ணுக்குப் பரீட்சைன்னு சொல்லுங்க."

"என்னைக்குத்தான் உனக்குப் பரீட்சை முடியும்?"

5

விடிந்துவிட்டது. த்ரீ பேஸ் வந்துவிட்டது. ஊரில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை, சந்தோஷமாக இருக்கிறது. பஞ்சநதம் பச்சைப் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு நாற்றைப் பார்க்கிறார். எழில்மொழி நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள். அதற்குள் இன்னும் இருட்டுதான்.

முடிவு ஒன்று: அதே துணுக்கில் நிறம் விரிகிறது. மறுபடியும் அசோகா.

முடிவு இரண்டு: விரியவில்லை. "அப்பா, அது உங்க மோட்டார்தாம்ப்பா." "அப்படின்னா கட்டுரையில எம்பேரையும் போடு."

எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், நாற்று காய்கிறது.