மணி அடிக்கிறவரைக்கும் வேலை

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. இடிந்துபோன தேவாலயத்தில் கோபுரம் மட்டும் ஏன் நிற்கிறது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். முடிதிருத்துபவர் சொல்லத் தொடங்கினார். சவரக்கத்தி என் கழுத்தில் இருந்ததால் மறுபேச்சில்லாமல் நம்பினேன்.

2

“மழை தூறிய ஒரு மாலையில், அந்தப் புராதனக் கோபுரம் தன் கடந்த காலத்தை நினைத்து...”

சே, வேண்டாம். கோபுரம் எதையும் நினைக்காது. கவலைப்படுகிற வேலையெல்லாம் மணியடிப்பவரின் மனைவிக்குத்தான். கோபுரத்தின் அடியறைதான் அவர்கள் வீடு. (மணியடிப்பவர் தங்கமான மனிதர், கதைக்கு உதவ மாட்டார். காய்ச்சலில் படுக்க வைத்திருக்கிறேன்.)

3

கூரை விழுந்த பிறகும் மணி தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை இடித்துக் கல்லை அள்ளிப்போக ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஆட்கள் சீக்கிரமே நழுவுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு சட்டம் போட்டார்: “மணி அடிக்கிறவரைக்கும் வேலை. அடிச்சாத்தான் வீடு.”

‘சாயங்கால’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார், பாவம்.

சுவர்கள் போயின. ஒரு நாள் காலையில் கோபுரத்துக்கு ஏணி சாத்தினார்கள். உள்ளே மணியடிப்பவரின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போக்கிடம் இல்லை, பயத்தில் முடிச்சே விழவில்லை. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடிக் கயிற்றை இழுத்தாள்.

ஆட்கள் கடப்பாரையை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்கள்.

“எங்கடா கிளம்பிட்டீங்க? இப்பத்தானே வந்தீங்க!”

“மணி அடிச்சிருச்சுங்களே.”

மறுநாளும் அதே கூத்து. கான்ட்ராக்டர் கத்தினார்: “முதல்ல அந்த மணியை இறக்குங்கடா!”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதை இறக்கிட்டா நாங்க எப்பங்க வீட்டுக்குப் போறது?”

(இந்த இடத்தில் முடிதிருத்துபவர் குலுங்கிச் சிரித்தார். என் காதோரம் உள்ள கீறல்தான் இதற்கு ஆதாரம்.)

4

கான்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார். “ஏம்மா, மணி என்னன்னு தெரியுதா உனக்கு?”

“மணி என் கையிலதாங்க இருக்கு. எத்தனை வேணும்னு சொல்லுங்க, அடிக்கிறேன்.”

முடிவு ஒன்று: அவர் மனமிரங்கி... ம்ஹூம், அந்த ஆளா?

முடிவு இரண்டு: வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து... அப்படியானால் கோபுரம் எப்படி நிற்கிறது?

“கோபுரம் நின்னது சரி, அவங்களுக்கு வீடு மிஞ்சுச்சா?” என்று கேட்டேன். முடிதிருத்துபவர் துண்டை உதறி, “அடுத்த ஆள் வாங்க” என்றார்.

எனவே என் கதையில் அவள் இன்னும் மேலேதான் இருக்கிறாள், கயிற்றை விடாமல். எனக்கு அவளை இறக்க மனம் வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் கீழே நின்று கூப்பிட்டுப் பாருங்கள். இறங்கி எங்கே போவது என்று கேட்பாள். அதற்கு மட்டும் ஒரு பதிலை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.