முப்பத்தாறு அங்குலக் கதவு

அப்பாவைக் குளிப்பாட்டப் பெஞ்சை வாசலுக்குத் தூக்கிப்போனவர்களை அன்புராஜ் வழிமறித்தான்.

"பாத்ரூம்லயே ஊத்தலாம். அவருக்குன்னுதான கட்டினேன்?"

"செத்தவர ஊட்டுக்குள்ளாற குளிப்பாட்டுவாங்களாடா? வாசல்லதான்," என்றாள் மணியம்மாள். அழுது குரல் கம்மியிருந்தாலும் சட்டம் பேசுவதில் அம்மா குறை வைக்கவில்லை.

அப்பா குப்புராஜுக்கு வாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பதினாலு மாதம். சக்கர நாற்காலி முகாமில் இலவசமாகக் கிடைத்தது. அது பாத்ரூமுக்குள் நுழைய ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ஆனது. சுவரை இடிக்க ஒரு கூலி, இடித்ததை அள்ள ஒரு கூலி. வழுக்காத டைல்ஸ் என்று வாங்கியதில் முதலில் வழுக்கி விழுந்தவர், அதைப் பதித்த மேஸ்திரி. கைப்பிடிக் கம்பி மட்டும் மலிவு. அன்புராஜுக்கு வேலை கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில்.

இத்தனைக்கும் அப்பா கேட்டது ஒன்றுதான். அம்மா பெட்பேன் வைக்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிற மனுஷன், கோணிய வாயால் சொன்னார்: "கதவ சாத்திக்கினு ஒரு தபா போவணும்டா."

எல்லாம் வந்தது, நாற்காலி நுழையும்படி ஆர்டர் கொடுத்த முப்பத்தாறு அங்குலக் கதவு மட்டும் வரவில்லை. பதினெட்டு நாளாகக் கடைக்கார ஹனீப் பாய், "நாளைக்கு வந்துரும் தம்பி" என்றார். அதுவரை திரை கட்டுகிறேன் என்றான் அன்பு.

"துணி கதவாடா?" என்றார் அப்பா. அதற்கு மேல் பேச்சில்லை. நேற்று சாயங்காலம் மூச்சும் இல்லை.

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பெஞ்சைப் போட்டார்கள். தெருப்பக்கம் மட்டும் ஒரு கதவகலத்துக்குத் திறப்பு. இரண்டு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்தார்கள். லாரி போகும்போதெல்லாம் வேட்டி பறந்தது. தெருவே தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அப்போது ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் கதவு. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஹனீப் பாய், சாமியானாவைப் பார்த்துக்கொண்டு.

"தம்பி... தெரியாது தம்பி. இன்னிக்குன்னு பாத்து..."

அன்புராஜுக்கு வாயில் வந்த வார்த்தைகளை அப்பா உயிரோடு இருந்தால் ரசித்திருப்பார். விழுங்கினான்.

"எறக்குங்க பாய்."

வேட்டியைத் தள்ளிவிட்டு, கதவை அந்தத் திறப்பில் நிறுத்தினார்கள். பாயும் டிரைவரும் வெளியே நின்று பிடித்தார்கள்.

"தாப்பாள் உள்பக்கம் வரணும் பாய்."

திருப்பினார்கள். அன்புராஜ் உள்ளே நின்றான். முதல் சொம்பை ஊற்றுமுன் கை ஈரத்தோடு தாழ்ப்பாளைப் பிடித்தான். அது போய் மாட்ட நிலைச்சட்டம் இல்லை. இருந்தும் கடைசிவரை தள்ளினான்.