இருபதுக்குப் பூஜ்ஜியம்

"டயர் பஞ்சர்னா கழட்டி மாட்ட எவ்வளவு நேரமாகும்? நாங்க இருக்கோம், இருட்டினாலும் இருக்கோம். நிதானமா வாங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, எங்கள் கேப்டன் போனைக் காதிலிருந்து எடுத்து, தப்பெல்லாம் அதனுடையது என்பதுபோல் முறைத்தாள். கூடைக்குக் கீழே வரிசையாக நின்றிருந்த எங்களுக்குப் புரிந்துவிட்டது. எதிரணி வரப்போவதில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார். ஒரு அணி வராவிட்டால் விதிப்படி வந்த அணிக்கு இருபது புள்ளி, வராத அணிக்குப் பூஜ்ஜியம். அதை அறிவித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியில் அந்த வருடம் எங்களுடைய முதல் வெற்றி அது. பந்து இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

பார்வையாளர் படிக்கட்டில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், கேப்டனின் அப்பா. லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்க விட்டுவிட்டு மகளின் ஆட்டத்தைப் பார்க்க ஓடி வந்திருந்தார். கூடைப்பந்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவர் மணி பார்க்கிறார், விசில் அடிக்கிறது, மகள் ஜெயிக்கிறாள். அவர் எழுந்து நின்று கை சிவக்கத் தட்டினார்.

"சண்டை இல்ல, சத்தம் இல்ல. ரொம்ப மரியாதையான விளையாட்டும்மா" என்றார்.

கேப்டனுக்கு விளக்கிச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு அது கடைசி வருடம். முந்தைய வருடங்களில் எல்லாம் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சீனியர் அக்காக்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டியதும் வியர்வைத் துண்டு மடித்ததும்தான் அவள் ஆட்டம். அக்காக்கள் படிப்பு முடித்துப் போன பிறகு மிஞ்சியது நாங்கள்தான். எங்களில் ஒருத்தியும் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. இந்தப் போட்டிகள் முடிந்ததும் அவள் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கடையைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு நிஜமான மேட்ச் ஆட வேண்டும், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. கோப்பையைப் பற்றி அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

இரண்டாவது அணியில் எல்லோருக்கும் அம்மை போட்டிருந்தது. மூன்றாவது அணி வழி தவறி வேறொரு கல்லூரிக்குப் போய், அங்கே சும்மா நின்றிருந்தவர்களோடு ஆடி, ஜெயித்தும் விட்டது. நாங்கள் எங்கள் கூடையின் கீழே நின்று மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மேகம் பந்து மாதிரியே இருந்தது. அதுவும் எங்கள் பக்கம் வராமல் போய்விட்டது.

வினை ஆரம்பித்தது மாலைப் பத்திரிகையில். விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் முடிவுகளை மட்டும் பொடி எழுத்தில் போடுவார்கள், காரணத்தைப் போட மாட்டார்கள். இருபதுக்குப் பூஜ்ஜியம். மறுபடியும் இருபதுக்குப் பூஜ்ஜியம். அதற்குப் பிறகும் அதேதான். மற்ற கல்லூரிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு வெலவெலத்துப் போனார்கள். ஒரு முழு ஆட்டத்தில் எதிரிக்கு ஒரு புள்ளிகூட விடாத அணியா? அங்கே தடுப்பவர்கள் பெண்களா, மதில் சுவரா?

வதந்தி சோறு தண்ணீர் இல்லாமலே வளர்ந்தது. எங்களில் உயரமான ஒட்டடைக்குச்சி, பந்து தன் பக்கம் வந்தாலே கண்ணை மூடிக்கொள்பவள். அவள் நின்ற இடத்திலிருந்தே கூடைக்குள் கையை விட்டுத் துழாவுவாள் என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் ஒருத்தியின் கையை உடைத்ததாகவும், அவள் இன்றுவரை இடது கையால்தான் பரீட்சை எழுதுகிறாள் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு வந்த சாக்குகள் தரம் தாழ்ந்துகொண்டே போயின. மழை வரும்போல் இருக்கிறது என்றது ஒரு கல்லூரி. தங்கள் கேப்டனின் அத்தைக்குக் காது வலி என்றது இன்னொன்று.

எங்கள் கோச் மேடம் உண்மையில் வேதியியல் ஆசிரியை. வேறு யாரும் கிடைக்காததால் விசில் அவர் கழுத்தில் மாட்டப்பட்டிருந்தது. தொடர்ந்து ஜெயித்ததில் அவருக்கே எங்கள்மேல் பயபக்தி வந்துவிட்டது. பயிற்சியை நிறுத்திவிட்டார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கலவையைக் கிளறக்கூடாது என்பது அவர் கருத்து. கேப்டன் மட்டும் தினமும் சாயங்காலம் தனியாகக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். பெரும்பாலும் அது சைக்கிள் ஸ்டாண்டில்தான் போய் விழும்.

இப்படியே இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தோம். அன்று ஒரு பேருந்து கல்லூரி வாசலுக்குள் நுழைந்தது. நிஜமான எதிரணி. மிருகக்காட்சிசாலைக்கு வந்த குழந்தைகள்போல ஓடினோம். இறங்கியவர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குலுக்கினாள் கேப்டன். நான்கு கைகளோடு அது நின்றுவிட்டது.

"அஞ்சாவது ஆள் எங்கங்க?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாற்று ஆட்டக்காரிகள் எல்லோருக்கும் காலையில் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டதாம். ஐந்தாமவள் பேருந்தின் கடைசி சீட்டில், முன் சீட்டின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்க மாட்டாளாம்.

ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. நடுவர் கால் மணி நேரம் கொடுத்தார்.

"பேசாம வந்து வரிசையில நில்லு. கோப்பை நம்மளுது" என்று கோச் மேடம் கேப்டனின் காதில் கிசுகிசுத்தார்.

படிக்கட்டில் அன்று நல்ல கூட்டம். கேப்டனின் அப்பா பக்கத்திலிருந்தவர்களுக்கு ஆட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்: இப்போது அவர் மணி பார்ப்பார், அதுதான் முக்கியமான கட்டம், கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

கேப்டன் அவரைப் பார்த்தாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கடைசி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நீங்க கைய உடைப்பீங்களாமே?"

"இல்லைங்க. நாங்க இதுவரைக்கும் யாரோடயும் ஆடினதே இல்ல. யாருமே வரல. அதான் அந்த இருபது."

"இப்படிப் பேசித்தான் இறக்குவாங்கன்னு சொன்னாங்க."

கேப்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏ ஒட்டடைக்குச்சி, பிடிடி" என்று பந்தை வீசினாள். ஒட்டடைக்குச்சி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். பந்து அவள் நெற்றியில் பட்டு, என் தோளில் பட்டு, பேருந்துக்கு அடியில் உருண்டது. எடுக்கப் போன இரண்டு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இதில் எதுவுமே நடிப்பில்லை.

ஜன்னலுக்குள்ளே சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று விலகியது. சிரிக்கும் வாயைப் பொத்திக்கொள்வதற்காக.

மைதானத்தில் நடுவர் விசிலை உதட்டருகே கொண்டுபோவது தெரிந்தது. கேப்டன் டயரின்மேல் கால் வைத்து ஏறி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படிக்கட்டுல ஒருத்தர் எழுந்து நிக்கிறாரு பாருங்க, எங்க அப்பா. மணி பார்க்கிறதுதான் பாஸ்கெட் பால்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நாளைக்கு நான் கடைக்குப் போயிடுவேன். நீங்க எங்கள எவ்வளவு வேணாலும் அடிச்சு ஜெயிச்சுக்கோங்க, கோப்பையும் எடுத்துட்டுப் போங்க. கொஞ்சம் கீழ இறங்கி வந்து எங்ககூட ஆடறீங்களா?"