அவசரப்பட்ட சேவல்

புருஷன் ஹிலாரஸ் கடலிலிருந்து உயிரோடு திரும்பினால் மெர்க்குரி தெய்வத்துக்கு ஒரு வெண்கலச் சேவல் வைப்பதாகச் சபீதியா நேர்ந்திருந்தாள். வழிப்போக்கர்களைக் காக்கிற தெய்வம் அது. இருட்டிலேயே விடியலைச் சொல்லும் சேவல் அதற்குச் செல்லப் பறவை. வீட்டிலிருந்த ஒரே வெண்கலப் பானையை உருக்கிச் சேவலும் வார்த்தாயிற்று. ஆனால் ரோமர்கள் விவரமானவர்கள். கேட்டது கைக்கு வந்த பிறகுதான் தெய்வத்துக்குக் காணிக்கை.

குளிர்காலப் புயல்களுக்குப் பயந்து ஒஸ்தியா துறைமுகத்தை மூடப்போகிற சமயம். "அடியே, உன் ஆளோட கப்பல் வந்துடுச்சு! அதே மஞ்சப் பாய்!" என்று பக்கத்து வீட்டுத் தெர்துல்லா கத்தினாள். சபீதியா துறைக்கு ஓடவில்லை. சேவலோடு கோயிலுக்கு ஓடினாள். நேர்ந்ததை மனமுவந்து செலுத்திவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லி வைத்தும்விட்டாள்.

கரைக்கு வந்தது வேறு கப்பல்.

"சேவல்கூட விடியறப்பதான் கூவும். நீ சாயங்காலமே கூவிட்டியே!" என்றாள் தெர்துல்லா. கத்தியது தான்தான் என்று நினைவு வந்ததும் அவள் முகம் தொங்கிப்போனது.

சேவலைத் திருப்பிக் கேட்டதற்குக் கோயில் காவலாளி கையை விரித்தான். "குடுத்தது குடுத்ததுதாம்மா. சாமி பொருளை எடுத்தா திருட்டு."

சபீதியாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வராதவன் வந்துவிட்டதாகத் தெய்வத்திடம் முகத்துக்கு நேரே பொய் சொன்னதாகிவிட்டதே. அந்தக் கோபம் ஹிலாரஸ் தலையில்தானே விடியும்? சேவலுக்கு முன்னால் போய்க் கை கூப்பினாள்.

"சாமி, எட்டு வருஷமா என் ஆளைப் பத்திரமாக் கொண்டாந்து விட்டே. ஒரு தடவைகூட நான் நன்றின்னு சொன்னதில்ல. இந்தச் சேவல் அந்த எட்டுக்கும்னு வச்சுக்க. இந்த வருஷத்துக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. பாத்துச் செய்."

பயம் போகவில்லை. ஆனாலும் அந்த எட்டு வருஷங்களை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது.

பதினோராம் நாள் ஹிலாரஸ் வந்து சேர்ந்தான், தாடியும் கந்தலுமாக, பாய்மரம் முறிந்து சிசிலியில் மாட்டிக்கொண்ட கதையோடு. அவனை அடித்தாள், அழுதாள், ரொட்டியும் உப்புமீனும் வைத்தாள். சேவல் கதையைக் கேட்டு அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அதான் நான் வந்துட்டேன், சேவலும் வச்சாச்சு. அப்புறமென்ன?"

"அது பழசுக்கு வச்சது. இதுக்கு இனிமேதான் வைக்கணும்."

"வெண்கலத்துக்கு எங்கடி போவே? பானையும் போச்சு."

அவள் உள்ளே போய், தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த வெண்கல முகக்கண்ணாடியை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு அவன் கொடுத்தது.

"இது இல்லாம எப்படித் தலை வாருவே?"

"நீ எதிர்ல உக்காருய்யா. வகிடு கோணலா இருந்தா சொல்லு" என்றவள், கண்ணாடியோடு வெண்கலம் வார்க்கிற கன்னார் பட்டறைக்கு நடந்தாள்.