ரோவெனேகோ பள்ளத்தில் பெய்த மழையும் பெய்யாத மழையும்

1923 ஜூலை பதினான்காம் தேதி மாலை ரோவெனேகோவின் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் இருந்தவர்கள்: மேயரும் மனைவியும், பங்குத்தந்தை எஜிதியோ, வாத்தியக்காரர்கள் அறுபத்திரண்டு பேர், கோரஸில் எண்பது பேர், மூன்றாவது அங்கத்துக்காகக் காத்திருந்த இரண்டு குதிரைகள், படிகளில் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு இரண்டாயிரத்து நானூறு பேர், கோரஸின் கடைசி வரிசையில் துணி தேய்க்கும் நீவெஸ் கஸ்பரோத்தோ, வயது பத்தொன்பது. அன்று பெய்த மழை இவர்கள்மேல் மட்டும் பெய்தது. பள்ளத்துக்கு வெளியே சாலையில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊருக்கு மூன்று நாள் ஆனது. நீவெஸ் சுருதி பிசகினால் மழை பெய்தது. குரல் எட்டுகிற தூரம்வரை பெய்தது; அன்று கோரஸுக்கு நடுவே அவள் குரல் பள்ளத்தைத் தாண்டவில்லை. மறுபடி பாடச் சொல்லிப் பார்த்தார்கள், மறுபடி நனைந்தார்கள். போரிலிருந்து திரும்பிய ஆட்களுக்குச் செங்கல் அறுக்க மனமில்லாமல், பாட மட்டும் மனம் இருந்ததால் தொடங்கிய கோடை ஓபரா விழா அது, ஐந்தாவது வருஷம். முதல் துளி விழுந்ததும் செல்லோக்காரர்கள் வாத்தியத்தைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், அவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்பது திறந்தவெளி ஓபராவின் சட்டம். எனவே நீவெஸைக் கோரஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படியும் சிக்கல் தீரவில்லை. அவள் வீடு பள்ளத்துச் சுவரை ஒட்டி இருந்தது. முற்றத்தில் நின்று கேட்பாள், கேட்டால் முணுமுணுப்பாள், முணுமுணுத்தால் பள்ளம் நனையும். அதனால் விழா நாட்களில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன் காவல்காரர் இலாரியோ வந்து அவள் வீட்டை வெளியிலிருந்து பூட்டினார். அப்போது மழை அவள் கூரையோடு நின்றுகொண்டது.

"உள்ள போம்மா, ஏத்தப் போறாங்க."

"பூட்டிக்கோ. போன வாரம் அந்த மிலானோக்காரி ரெண்டாவது அங்கத்துல அரைச் சுரம் கீழ விழுந்தாளே, அவளுக்கு ஒரு பூட்டு வாங்கலியா?"

"அவ விழுந்தா மழை வரலியே."

இப்படி இருபத்தேழு வருஷம், நடுவில் இரண்டாவது போருக்காக விளக்கணைத்த கோடைகள் நீங்கலாக. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே நீவெஸ் எல்லாப் பாத்திரங்களையும் மனப்பாடம் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண் கேட்டு வந்த ஒரே ஆளும் கோரஸில் பாடுகிறவர். அவள் விரும்பியது ஒன்றுதான்: ஒரே ஒரு தடவை அந்த மேடையின் நடுவில், முழு வாத்தியக்குழுவோடு, கடைசி அங்கத்தில் கதாநாயகியாகச் சாக வேண்டும்.

1950இல் மே மாதத்துக்குப் பிறகு மழை இல்லை. வாய்க்காலில் களிமண் வெடித்தது. மக்காச்சோளம் இலை சுருட்டியது. சோளம் போனால் குளிர்காலத்துக்குப் பொலெந்தாக் களி கிண்ட மாவு இருக்காது, கோரஸில் பாடிய எண்பது பேரில் எழுபது பேர் சோளம் போட்டவர்கள். ஜூலை இறுதியில் விழாக் குழுத் தலைவரான மருந்துக்கடை த்ராங்குயில்லோ பெதின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். அவள் பாத்திரம் கழுவியபடி பாடிக்கொண்டிருந்ததால் வாசலிலேயே தொப்பலாக நனைந்தார்.

"வீட்ல பாடினா வீட்டுக்குத்தான் பெய்யுது, நீவெஸ். பள்ளத்துல பாடினா குரல் ஆத்தங்கரை வரைக்கும் போகும். கோரஸ்ல நின்னு தனியா நாலு வரி..."

"கோரஸ்ல நிக்கமாட்டேன். கதாநாயகி. நாலு அங்கமும். உடுப்போட."

"முதல் அங்கத்துலயே செல்லோக்காரங்க எழுந்து போயிருவாங்களேம்மா."

"நாற்காலியோட கட்டிப் போடுங்க."

கட்டிப் போட முடிவானது. அவளைத் தனியே நிறுத்திப் பாடச் சொல்லியிருந்தால் கால் மணியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒத்திகை இல்லாமல் அந்தப் பள்ளத்தில் யாரும் வாய் திறந்ததில்லை; பயிர் காய்கிறது என்பதற்காக அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியக்குழுவை நடத்தும் அல்வீசே கொராதினிடம் மூன்று வாரம் ஒப்படைத்தார்கள். எதையும் திருத்தக் கூடாது என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்தார்கள். மூடிய அறையில் நனைந்துகொண்டே அவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காது வலிக்கிறது என்று ஒரு சுரத்தை மட்டும் சரிசெய்தார். அது சரியானதும் பக்கத்துச் சுரம் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மூவாயிரம் பேர் குடையோடு வந்தார்கள். முதல் அங்கம் முழுக்க வானத்தைப் பார்த்தார்கள். நீவெஸ் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. இரண்டாவது அங்கத்தில் மேடையைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசி அங்கத்தில், நாற்பத்தாறு வயதில், இஸ்திரிப்பெட்டி பிடித்துக் காய்த்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் இறந்தபோது மேல்படியில் செருப்பு தைக்கும் பெப்பி ஸனீன் எழுந்தான். எந்தப் பாடகியையும் சீழ்க்கையடித்து விரட்டுகிறவன், அவனுக்கும் ஆறு ஏக்கர் சோளம் இருந்தது.

"இன்னொருக்கா," என்று கத்தினான்.

மூவாயிரம் பேரும் அதையே கத்தினார்கள். அவள் இன்னும் இரண்டு தடவை இறந்தாள். ஒரு துளி விழவில்லை. கட்டுகளை அவிழ்த்த பிறகும் செல்லோக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருஷச் சோளம் மாட்டுக்குப் போனது. குளிர்காலம் முழுக்க ஊர் உருளைக்கிழங்கு தின்றது. சாப்பிடும்போது சண்டை வந்தது உண்டு: மூன்றாவது சாவில் அவள் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் அதிகம் இழுத்தாளா இல்லையா என்று.

அதெல்லாம் பிறகு. அன்று பெதின் அவள் பின்னாலேயே வீடுவரை ஓடிவந்தார்.

"நீவெஸ், ஒரு வரி. பழைய மாதிரி ஒரே ஒரு வரி."

அவள் நின்று, முயன்று பாடினாள். சுத்தமாக இருந்தது.

"வரமாட்டேங்குது," என்றாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் இலாரியோ சாவியோடு வாசலில் நின்றிருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டு இரண்டு சுற்று திரும்பியது, உள்பக்கமிருந்து.